அந்த மஞ்சள் விளக்கை அணைக்க வேண்டாம்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரர் மட்டும் வாசலருகே தயங்கி நின்றார். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர்ப் பகுதிகளில் வீடு வீடாகக் குடிநீர்க் கேன் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு பழைய பிக்அப் வண்டியை 2024இல் வாங்கி, அதை நம்பியே குடும்பத்தை நடத்துகிறவர். அருகே சென்று விசாரித்தபோது அவர் கேட்டது இதுதான்: “பாஸ்டர், வண்டியில ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. நாலு மாசமா அலைஞ்சு பார்த்துட்டேன், தீரல. இருநூறு ரூபா குடுத்தா விளக்கே எரியாம பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். அப்படிப் பண்ணா தப்பா?”

வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. ஆயினும் அந்தக் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. அன்றுமுதல் அந்த வண்டியின் பின்னாலேயே நானும் அலைந்தேன்; படித்தேன்; விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதில் நான் கற்றுக்கொண்டதையும், அதனால் எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தையும் இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வண்டி இல்லாதவர்களும் தயவுசெய்து பொறுமையோடு வாசியுங்கள். சாலையில் நடக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில், ஏபிஎஸ் என்பது என்ன? வேகமாய்ச் செல்லும் வண்டியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திப் பூட்டிக்கொள்கிறது. பூட்டிக்கொண்ட சக்கரம் சாலையில் வழுக்குகிறது. வழுக்குகிற முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங்கின் சொல் கேட்காது. ஏபிஎஸ் அமைப்பு ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் தனித்தனியே கவனித்துக்கொண்டிருக்கிறது. எந்தச் சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென வேகம் குறைகிறதோ, அதற்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி, மீண்டும் கொடுக்கிறது. ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை இது நடக்கிறது. அப்போது காலுக்கடியில் பெடல் துடிப்பதை ஓட்டுநர் உணர்வார். நின்றுவிடும் தூரம் எல்லாச் சாலைகளிலும் குறைந்துவிடும் என்பதற்கில்லை. தளர்ந்த சரளையில் அது சற்றுக் கூடவும் செய்யலாம். ஆனால் நிற்கும்வரை வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்கியிருக்கும். குறுக்கே ஓடிவந்த பிள்ளையை விட்டு விலகிச் செல்ல வழி கிடைக்கும்.

பிக்அப் வண்டிக்கு இது மிகவும் தேவை. ஐம்பது குடிநீர்க் கேன்களை ஏற்றினால் தண்ணீர் மட்டுமே ஆயிரம் கிலோ. அந்தப் பாரம் பெரும்பாலும் பின்சக்கரங்களின்மேல் அழுந்துகிறது. கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே பின்பகுதி இறகைப்போல் இலேசாகிவிடுகிறது. அந்நேரம் ஈரச் சாலையில் ஓங்கிப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சுழன்றுவிடும். இதனால்தான் 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பிக்அப் வண்டிகளில் ஏபிஎஸ் வந்தபோது, பின்சக்கரங்களுக்கு மட்டும் அதைப் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களுக்கும் அது பரவியது பிறகுதான்.

இந்த அமைப்பு தன்னையே சோதித்துக்கொள்ளவும் செய்கிறது. சாவியைத் திருப்பியவுடன் மீட்டர் பலகையில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு ஓரிரு நொடிகள் எரிந்து அணைகிறதே, அதுதான் அதன் சாட்சி. ‘நான் விழித்திருக்கிறேன், குறை ஒன்றுமில்லை’ என்று அது சொல்கிறது. அணையாமல் எரிந்தால், அல்லது வழியில் எரியத் தொடங்கினால், ‘எனக்குள் ஏதோ சரியில்லை, இனி என்னை நம்பாதே, சாதாரண பிரேக் மட்டுமே உனக்கு உண்டு’ என்று பொருள். சிவப்பு நிறப் பிரேக் விளக்கும் அதனோடு சேர்ந்து எரிந்தால் நிலைமை அதனினும் கடுமையானது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் நின்றுபோயிருக்கலாம். அந்நேரம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே நலம்.

நம் சகோதரரின் வண்டியில் எரிந்தது மஞ்சள் விளக்கு மட்டும். அவர் முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றார். அங்கே ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். ‘வலது பின்சக்கரத்தின் வேக சென்சார்’ என்று திரை காட்டியது. சென்சாரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் மீண்டும் எரிந்தது. ‘போட்டது மட்டமான சரக்கு’ என்றார் இரண்டாம் ஒர்க்‌ஷாப்காரர். ஒரிஜினல் சென்சார் வந்தது, விளக்கு அணைந்தது, ஐந்தாம் நாள் எரிந்தது. மூன்றாவது இடத்தில், ‘ஏபிஎஸ் யூனிட்டே போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன் விலை அவருடைய இரண்டு மாத வருமானத்துக்கும் மேல். அந்தத் தொகையைக் கேட்டுச் சோர்ந்து நின்றபோதுதான், இருநூறு ரூபாய்க்கு விளக்கின் இணைப்பையே துண்டித்துத் தருவதாக நான்காமவர் முன்வந்தார். அதற்குள் சகோதரர் செலவிட்டிருந்தது ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

இந்த மூவரும் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. மூவரும் ஒரே தவற்றைச் செய்தார்கள்: ஸ்கேனர் சொன்ன சொல்லைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் ஸ்கேனர் காட்டும் குறியீடு ஒரு முறையீடு மட்டுமே. வலது பின்சக்கரத்திலிருந்து வரவேண்டிய செய்தி வரவில்லை என்பதுதான் அந்தக் கணினிக்குத் தெரியும். ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்றால், எழுதியவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டுவோமா? எழுதியவர் நலமாயிருந்து, கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம். தபால்காரர் வீடு தெரியாமல் திரும்பியிருக்கலாம். நம் வீட்டுப் பெட்டியே உடைந்திருக்கலாம்.

சக்கரத்தின் செய்தியும் அப்படித்தான் பயணம் செய்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து ஒரு பல் வளையம் சுழல்கிறது. மெக்கானிக்குகள் அதை ‘டோன் ரிங்’ என்பார்கள். அதன் பற்கள் கடந்துபோவதைச் சிறு இடைவெளியில் நின்று சென்சார் உணர்கிறது. அந்த உணர்வு மின்துடிப்பாக மாறி வயரிலும் கனெக்டரிலும் ஏறி ஏபிஎஸ் யூனிட்டைச் சேர்கிறது. வளையத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் செய்தி கெடும். சக்கரத்துப் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இடைவெளி மாறிச் செய்தி கெடும். வயர் அறுந்தாலும், கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தாலும், பேட்டரி வலுக்குறைந்தாலும் விளக்கு ஒன்றுதான். டயர்கள் வெவ்வேறு அளவில் இருந்தால்கூட, சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாமல் அந்த அமைப்பு குழம்பக்கூடும்.

இது நம்மூர்ச் சிறு ஒர்க்‌ஷாப்புகளுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். 2005இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1999 முதல் 2002 வரையிலான மாடல் பிக்அப் வண்டிகளையும் எஸ்யூவி வண்டிகளையுமாக ஏறக்குறைய 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகள் அவை. சென்சார் பொருந்தியிருந்த இடத்தில் துரு பிடித்தது. அந்தத் துரு சென்சாரை மெல்ல மேலே தூக்கியது. பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி கூடியது. மெதுவாக வந்து நிற்கப்போகும் நேரத்தில் செய்தி நலிந்து, சக்கரம் பூட்டிக்கொண்டதாக ஏபிஎஸ் தவறாக எண்ணி, பிரேக் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டது. வண்டி நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிச் சென்றது. அடியில் இருக்கும் துருவை அகற்றாமல் சென்சாரை மட்டும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய சென்சாரும் அதே துருவின்மேல்தான் அமர்ந்திருக்கும். துருவைச் சுத்தம் செய்து, மீண்டும் துரு ஏறாதபடி பூச்சுப் பூசுவதே அங்கே பழுதின் வேரைத் தொட்ட வேலை.

நம் பகுதியில் சாலையில் உப்புத் தூவுவார் இல்லை. நமக்கு வேறொன்று உண்டு. அது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு நம் தெருக்களுக்குள் வந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையில் மீண்டும் தாம்பரம் சுற்றுவட்டாரமெங்கும் வண்டிகள் நீரில் நின்றன. தண்ணீர் வடிந்தபின் என்ஜின் ஆயிலை மாற்றினோம், இருக்கைகளை வெயிலில் உலர்த்தினோம், வண்டி ஓடியது, மறந்துவிட்டோம். ஆனால் கனெக்டர்களுக்குள்ளும் வயரின் உறைக்குள்ளும் புகுந்த ஈரம் மறக்கவில்லை. மெல்லிய செம்புக் கம்பிகளின் இடையே அது ஊர்ந்து சென்று, மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கிறது. வெளியே பார்த்தால் வயர் புதிதுபோல் இருக்கும்.

சகோதரரும் நானும் இறுதியில் பம்மல் பக்கம் ஒரு சந்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஸ்கேனரைக் கையில் எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, “தம்பி, விளக்கு எப்ப எரியுது, எப்ப எரியல? அதைச் சொல்லு” என்றார். சகோதரருக்குச் சொல்லத் தெரியவில்லை. “எப்பவும்தான் எரியுது அண்ணே” என்றார். “அப்படின்னா ஒரு வாரம் எழுதிட்டு வா. லோடு இருந்துச்சா, இல்லையா? மழையா, வெயிலா? எந்த இடத்துல எரிஞ்சுது? போ” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அவர் ஒரு காசும் வாங்கவில்லை. ஒரு ஸ்குரூவையும் தொடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அலட்சியமாகவே தோன்றியது.

ஒரு வாரம் கழித்து அந்தக் கணக்கு நோட்டு பேசியது. காலையில், முழுப் பாரத்தோடு, வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு எரிகிறது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அணைகிறது. கேன்கள் இறங்கிய பிறகு மாலைவரை பெரும்பாலும் எரிவதேயில்லை. பெரியவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். பாரம் ஏறினால் தாழ்வதும், வேகத்தடையில் குதிப்பதும் எது? பின் ஆக்சில். அங்கே அசையும் வயர் எது? சேசிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் சென்சார் வயர்.

அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. மல்டிமீட்டரை வைத்துச் சென்சாரின் மின்தடையை அளந்தார். அது சரியாகவே இருந்தது. இடப்புறச் சென்சாரை வலப்புறமும் வலப்புறத்ததை இடப்புறமும் மாற்றிப் பொருத்தினார். குறியீடு சென்சாரோடு இடம் மாறாமல் வலப்புறத்திலேயே நின்றது. குற்றம் சென்சாரிடம் இல்லை என்பது அத்தோடு தீர்ந்தது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டிப் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று கண்டார். பல் வளையத்தை ஒரு சுற்று முழுவதும் பார்வையிட்டார். பின்னர் யூனிட் பக்கக் கனெக்டரிலிருந்து சக்கரம்வரை வயரின் தொடர்ச்சியைச் சோதித்துக்கொண்டே, உதவிக்கு நின்ற பையனிடம் வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டு வரச் சொன்னார். ஆக்சிலுக்குமேல் வளையும் இடத்தில் மீட்டரின் எண் குதித்தது. வயரை மூடியிருந்த நெளிகுழாயை வெட்டினார். உள்ளே மெல்லிய வண்டல் மண் படிந்திருந்தது. வயரின் உறையைக் கீறினார். செம்பு பச்சை நிறமாகிப் பொடியாய் உதிர்ந்தது. மிச்சமிருந்த இரண்டொரு இழைகள்தான் நான்கு மாதங்களாகச் செய்தியைச் சுமந்துகொண்டிருந்தன.

எந்த ஆண்டு வெள்ளத்தில் அந்த வண்டி நின்றதோ, வண்டிக்கே தெரியும். விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. இரண்டு முறை சென்சார் மாற்றியபோதும் சில நாட்கள் விளக்கு அணைந்திருந்த மர்மமும் அப்போது விளங்கியது. வேலை செய்தபோது வயர் அசைந்து இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. கூடவே பழைய குறியீட்டை ஸ்கேனரால் அழித்தார்கள். விளக்கு அணைந்தது. பழுது அப்படியே இருந்தது. நோய் தணிந்ததை நோய் தீர்ந்ததாக எண்ணி நாம் ஏமாறுவது மருந்தில் மட்டுமன்று, இதிலும்தான்.

பெரியவர் பளபளக்கும் செம்பு தெரியும்வரை இரு பக்கமும் வெட்டி, புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, ஈரம் புகாத உறையைச் சூடேற்றி இறுக்கி, ஆக்சில் அசைவதற்குத் தக்கபடி தளர்வு விட்டு, கிளிப் போட்டுக் கட்டினார். அத்தோடு விட்டுவிடவுமில்லை. “லோடு ஏத்திட்டு வா” என்றார். முழுப் பாரத்தோடு அதே வேகத்தடைகளில் நான்கு முறை ஓட்டிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரியமானவர்களே, இந்தச் சிந்தனையை நான் எழுதக் காரணமான இடத்துக்கு இப்போது வருகிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டோம். “ஆயிரத்து எண்ணூறு” என்றார் பெரியவர். சகோதரரின் முகம் மாறியது. “அண்ணே, ஒரு முழம் வயருக்கா?” என்றார். அவரைக் குற்றப்படுத்த எனக்குத் தகுதியில்லை. அதே எண்ணம் என் மனத்திலும் அந்நேரம் ஓடியது. தேவையில்லாத இரண்டு சென்சார்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாயை வாய்திறவாமல் கொடுத்தோம். ஒரு பெட்டியும் அதில் ஒட்டிய விலைச்சீட்டும் கையில் வந்ததே, அது போதுமாயிருந்தது. ஆனால் ஒன்றரை நாள் உழைத்து உண்மையைக் கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் பேரம் பேசத் துணிந்தோம். அவர் விற்றது வயரை அன்று, காரணத்தை. அதற்குப் பெட்டி இல்லை, பில் இல்லை. ஆகையால் நம் கண்ணுக்கு அது விலையற்றதாய்த் தோன்றியது.

என் கருத்து இதுதான். ஊகத்தில் பாகங்களை மாற்றும் வழக்கத்தை வளர்த்தவர்கள் மெக்கானிக்குகள் மட்டுமல்லர், நாமும்தான். தேடுவதற்குக் கூலி கொடுக்காத ஊரில் யார் தேடுவார்கள்? ‘இன்னும் காரணம் தெரியவில்லை, நாளைக்கும் பார்க்க வேண்டும்’ என்று நேர்மையாகச் சொல்பவரை, ‘வேலை தெரியாதவர்’ என்று விட்டுவிட்டு, பார்த்தவுடன் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்பவரிடம் ஓடுகிறோம். பாகத்தில் வரும் இலாபத்தில்தான் தம் கூலியை எடுக்க முடியும் என்றால், பாகம் மாற்றத்தான் அவர் விரும்புவார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. முடிவில் தேடலும் இல்லை, தீர்வும் இல்லை. விளக்கை அணைக்கும் இருநூறு ரூபாய் யோசனை மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த யோசனைக்குச் சாதகமாகவும் சில சொல்லப்படுகின்றன. ஏபிஎஸ் இல்லாமலே நம் முன்னோர் வண்டி ஓட்டவில்லையா என்பது ஒன்று. ஓட்டினார்கள்; இல்லை என்று தெரிந்துகொண்டு ஓட்டினார்கள். மழையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவும், முன்வண்டிக்கு இடைவெளி விடவும் பழகியிருந்தார்கள். இருக்கிறது என்று நம்பி ஓங்கி மிதிப்பவருக்கு, அது இல்லாமற்போவது வேறு வகையான ஆபத்து. ஏழை ஓட்டுநர் செலவுக்கு எங்கே போவார் என்பது மற்றொன்று. இது உண்மையான பாரம். இதை நான் அற்பமாக எண்ணவில்லை. பணம் சேரும்வரை, விளக்கு எரிய எரியவே, மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டட்டும் என்றே அவருக்கு நான் சொல்வேன். எரிகிற விளக்கு அவரிடம் ஒரு ரூபாயும் கேட்பதில்லை. அவரை எச்சரித்துக்கொண்டே உடன்வருகிறது. அதை மறைத்துவிட்டால், நாளைக்கு அந்த வண்டியை இரவல் வாங்கும் தம்பிக்கும், அடுத்த ஆண்டு விலைக்கு வாங்கும் அந்நியருக்கும், அந்த வண்டிக்கு முன்னே சைக்கிளில் செல்லும் பள்ளிப்பிள்ளைக்கும் நாம் பொய் சொன்னவர்களாவோம்.

நம் ஊர்க் கூரைகளுக்குமேல் நாள்தோறும் விமானங்கள் தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் இந்த ஏற்பாடு பெருவழக்கானது முதலில் விமானங்களில்தான். டன்லப் நிறுவனத்தின் ‘மேக்சரெட்’ என்னும் கருவி 1950களிலேயே விமானச் சக்கரங்களில் பொருத்தப்பட்டது. மின்னணு முறையிலான ஏபிஎஸ்ஸை போஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் கொண்டுவந்தது 1978இல். நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயமானது 2019 ஏப்ரல் முதல். விமானத்திலிருந்து கருவியைக் கற்றுக்கொண்ட நாம், விமானத்தாரின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே ஒரு குறை தென்பட்டால் விமானி அதை ஏட்டில் எழுதுகிறார். சரிசெய்தவர் என்ன செய்தார் என்பதை எழுதிக் கையொப்பமிடுகிறார். உடனே சரிசெய்யத் தேவையில்லாத சிறு குறையாயிருந்தால், ‘இது வேலை செய்யவில்லை’ என்று அதன்மேலேயே எழுதி ஒட்டுகிறார்கள். குறையோடு பறக்க விதி சிலவேளை இடங்கொடுக்கிறது. குறையை மறைத்துப் பறக்க இடங்கொடுப்பதில்லை.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வண்டி வைத்திருப்போரே, விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுமுன் ஒரு நோட்டை எடுங்கள். எப்போது, எங்கே, எந்த வேகத்தில், பாரத்தோடா, மழையிலா என்று எழுதுங்கள். பிரேக் ஆயில் அளவு, பேட்டரி, டயர்களின் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்குச் செலவு இல்லை. பாகத்தை மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ‘எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?’ என்று மரியாதையோடு கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘தேடிக் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு கூலி தருகிறேன்’ என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியம் ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு மாற்றத்தை உண்டாக்கும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

பழைய வண்டி வாங்கப்போகிறவர்களே, ஓட்டிப் பார்க்குமுன் சாவியை மட்டும் திருப்பிவிட்டு மீட்டர் பலகையைக் கவனியுங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும்; பிறகு அணைய வேண்டும். எரிந்து அணையாவிட்டால் பழுது இருக்கிறது. எரியவே இல்லையென்றால், பல்ப் போயிருக்கலாம். இல்லையேல் யாரோ ஒருவர் அந்தச் சாட்சியின் வாயைக் கட்டியிருக்கிறார். காரணம் தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதையும் வாய்திறந்து கேளுங்கள்.

விற்கப்போகிறவர்களே, வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள். விலை சற்றுக் குறையும். உறக்கம் குறையாது.

மெக்கானிக் வேலை செய்யும் அன்புள்ள தம்பிமாரே, உங்கள் கைகளில் எங்கள் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. ‘தெரியவில்லை, பார்க்கிறேன்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். விளக்கை அணைத்துத் தரும்படி ஒருவர் கேட்டால், உங்கள் தொழிலின் மானத்துக்காக மறுத்துவிடுங்கள்.

அன்று அந்தச் சந்தில் சகோதரர் சற்று நேரம் மௌனமாய் நின்றார். பிறகு ஆயிரத்து எண்ணூறையும் எண்ணிக் கொடுத்தார். “நாலு மாசத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்திருக்கணும் அண்ணே” என்றார். பெரியவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. வெட்டியெடுத்த பச்சை வயர்த் துண்டைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போதும் விடியற்காலையில் அந்த வண்டி எங்கள் தெரு வழியாகப் போகிறது. சென்ற வாரம் என்னை ஏற்றிக்கொண்டபோது சகோதரர் சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. இருவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரிரு நொடியில் அது தானாகவே அணைந்தது. அதன் பிறகே அவர் வண்டியை எடுத்தார்.

நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிற எதிலும் எச்சரிக்கும் விளக்கை மறைக்காமல், அதன் காரணத்தைத் தேடுவோமாக. தேடித் தருகிறவர்களுக்கு அவர்கள் கூலியை மனமகிழ்ந்து கொடுப்போமாக.